எதிர் நாற்காலி

போன மாதம் என் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரையெல்லாம் வரவழைத்து, வீட்டுப்பாடம் எழுதும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு எப்படி உண்டாக்குவது என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், டிவி கூடாது, பெரியவர்களும் கூடவே உட்கார வேண்டும், நன்றாக எழுதினால் உடனே பாராட்ட வேண்டும். எல்லாரும் மும்முரமாகக் குறித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. இதையெல்லாம் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே கல்கத்தாவின் டாலிகஞ்சில் ஒரு மளிகைக்கடைக்காரர் வரிசையாகச் செய்து பார்த்துவிட்டார். அதில் அகப்பட்டுக்கொண்டு முழித்த பிள்ளை நான்தான்.

அந்த மளிகைக்கடைக்காரர் என் அப்பா. சந்தின் முனையில் கடை, கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள், அதுதான் வீடு. இட்லி அரிசி, நல்லெண்ணெய், புளி, அப்பளம், காபித்தூள் என்று நம் ஊர்ச் சாமான்கள் மட்டும் விற்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் கல்கத்தாவுக்கு வந்தவர். மீன்காரரோடு வங்காளத்தில் சண்டை போட்டு ஜெயிக்கக்கூடியவர். ஆனால் எழுத்து? வங்காள எழுத்து அவருக்குக் கொடியில் காயப்போட்ட துணி. மேலே ஒரு கோடு, அதிலிருந்து எல்லாம் தொங்கும். எது சட்டை, எது துண்டு என்று அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. கல்யாணமாகி வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் தெருவில் நாலு வார்த்தை வங்காளம் பேசக் கூச்சம். கேட்டால் புரியும், வாயைத் திறக்கமாட்டாள்.

நான் அதற்கு நேர்மாறு. வங்காளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சந்துப் பிள்ளைகளோடு விளையாடியதும் அழுததும் வைததும் அந்தப் பாஷையில்தான். அதனால் எழுத்தும் தானாக வந்துவிடும் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள், நான் உட்பட. நாலாம் வகுப்புவரை நான் படித்த பள்ளியில் இரண்டாம் மொழி இந்தி. அஞ்சாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்ந்தபோது அங்கே வங்காளம். தனித்தனி எழுத்துகளை ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன். இரண்டு எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து மூன்றாவதாக ஒன்று ஆகும் பாருங்கள், அந்தக் கூட்டெழுத்துகளில்தான் நான் முட்டிக்கொண்டு நிற்பேன். அரைப்பரீட்சையில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினேன்.

தலைமை ஆசிரியை அப்பாவைக் கூப்பிட்டு, முழுப்பரீட்சையிலும் இப்படியே என்றால் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வங்காளத்தில் தேறாவிட்டால் என்னைத் திருநெல்வேலிக்குச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அங்கே தமிழில் படிக்கட்டும் என்றார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. யோசித்து, நிதானமாக, என் நல்லதுக்காகவே சொன்னார். அதனால்தான் சொன்னபடியே செய்துவிடுவார் என்று பயந்தேன். சித்தப்பா வீட்டில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அங்கே இந்தச் சந்து இல்லை, என் கூட்டாளிகள் இல்லை, அம்மா இல்லை. அம்மாவை விட்டு ஒரு ராத்திரிகூட நான் தனியாகப் படுத்ததில்லை.

அந்த வாரம் பார்த்துத்தானா ஊரிலிருந்து வந்த தமிழ் வாரப்பத்திரிகையில் அந்தக் கட்டுரை வந்து தொலைய வேண்டும்! பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு வீட்டிலேயே வழி என்று ஒரு பக்கம் முழுக்க விதிகள். அப்பா அதைக் கத்தரித்துச் சோற்றுப்பருக்கை தடவி மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினார். மேசை என்றால் கால்மடக்கும் இரும்பு மேசை, அதற்காகவே வாங்கியது. டிவிக்கு மேலே அம்மாவின் பழைய சேலையைப் போர்த்தினார். நேரம் ஆறிலிருந்து ஏழு.

சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. ஆபீஸ் விட்டு மெட்ரோவில் இறங்கி வருகிற நம் ஆட்கள் எல்லாரும் அப்போதுதான் வருவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு அப்பா கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு உள்ளே வந்துவிடுவார். ஷட்டருக்குக் கீழே குனிந்து யாராவது குரல் கொடுத்தால், மகள் படிக்கிறாள், ஏழு மணிக்கு வாருங்கள் என்று இங்கிருந்தே சொல்லுவார். கடைக்காரர் தானாகக் கடையை மூடுவதென்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இந்த மனுஷர் போய் வியாபாரத்தைப் பார்த்தால் தேவலையே என்றுதான் இருந்தது.

மேசைக்கு மூன்று நாற்காலிகள். என் வலப்பக்கம், கடை வாசலை ஒட்டி அப்பா. எனக்கு நேர் எதிரே அம்மா. அவளுக்கு முதுகுக்குப் பின்னால் அடுப்படி, திரும்பாமலே கைநீட்டி அடுப்பைக் குறைத்துவிடலாம். பெரியவர்களும் ஏதாவது வேலையோடு உட்கார வேண்டும் என்பது விதி. அப்பா பத்திரிகையை விரித்துக்கொள்வார். அம்மா முதலில் புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் துண்டுக் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தாள். என்னவென்று கேட்டதற்குச் சாமான் லிஸ்ட் என்றாள். ஒருதரம் எட்டிப் பார்த்தேன். நீளமாக ஒரு கோடு, அந்தக் கோட்டின்மேல் வளைவும் சுழியுமாக வரிசையாக என்னவோ நின்றது. ஏதோ பார்டர் கோலம் போட்டுப் பழகுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாளே எனக்குச் சிக்கல். கரும்பலகையிலிருந்து நாலு கேள்விகளை எப்படியோ எழுதிக்கொண்டு வந்திருந்தேன். பதில் எழுத வேண்டும் என்றால் பாடத்தைப் படிக்க வேண்டும். படித்தால் இரண்டாவது வரியிலேயே கூட்டெழுத்து வந்து வழிமறித்தது. தெரியவில்லை என்று சொன்னால் திருநெல்வேலி. அப்பாவோ கடிகாரத்தையும் என் பேனாவையும் மாறிமாறிப் பார்க்கிறார். மேசையின் ஓரத்தில் மிளகாய் மடிப்பதற்காக நறுக்கி வைத்திருந்த பழைய வங்காளப் பேப்பர் அடுக்கு இருந்தது. மேலே இருந்த துண்டை இழுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு அதில் இருந்ததை அப்படியே நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

அன்றைக்கு ஒரு பக்கம் நிரம்பியது. அப்பா நோட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். “எழுத்தப் பாத்தியா, அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு!” என்று அம்மாவிடம் காட்டினார். பாராட்டும் விதிப்படி முடிந்தது. பக்கத்தின் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

ஒருநாள் தப்பித்தால் போதும் என்றுதான் செய்தேன். ஆனால் மறுநாளும் ஆறு மணி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நாய் காணாமல் போன விளம்பரம், வாடகைக்கு வீடு, மணமகள் தேவை, பழைய பீரோ விற்பனைக்கு, எல்லாம் என் நோட்டில் ஏறியது. எழுத்தை வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டே எழுதுவேன். பாஷை தெரியுமே, அதனால் முன்னும் பின்னும் பார்த்து நடுவில் இருக்கும் கூட்டெழுத்து இன்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்துச் சொல்லிவிடுவேன். அப்பாவின் காது கடைப்பக்கமே இருக்கும், என் முணுமுணுப்பில் வார்த்தை அவருக்குப் பிடிபடாது; வாய் அசைவதைப் பார்த்து, வாய்விட்டு எழுதினால்தான் மனதில் நிற்கும் என்று அதையும் மெச்சினார். வீட்டுப்பாடம் எழுதும் பழக்கம் எனக்கு நன்றாகவே வந்துவிட்டது. வீட்டுப்பாடம்தான் வரவில்லை.

பள்ளியில் மாட்டிக்கொள்ளாததற்குக் காரணம், எங்கள் வங்காள டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்த சார் வீட்டுப்பாடம் கொடுப்பார், வாங்கிப் பார்க்கமாட்டார். குளிர்காலம் முடியப்போகிற சமயத்தில் அவருக்கு என்ன தோன்றியதோ, சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்து வரும்போது எல்லாரும் நோட்டைக் கொண்டுவர வேண்டும், ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்கப்போகிறேன், எழுதாதவர்களின் அப்பா அம்மாவை வரவழைப்பேன் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூஜை நவராத்திரியோடு முடிந்துவிடும். புத்தகத்தை அடுக்கிச் சந்தனம் வைத்துவிட்டால் அன்றைக்கு ஓரெழுத்தும் படிக்கக் கூடாது. கல்கத்தாவின் சரஸ்வதி குளிர் ஓயும்போது வருவாள். அவள் காலடியில் வைத்த புத்தகத்தையும் அன்றைக்குத் தொடக் கூடாது. படிக்காதே என்று வருஷத்துக்கு இரண்டு தரம் சாமியே உத்தரவு போடும் பாக்கியம் எங்களைப் போன்ற கல்கத்தாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் உண்டு. இங்கே இன்னொன்றும் சொல்வார்கள். குல் என்கிற இலந்தைப்பழத்தைப் பூஜைக்கு முன்னால் தின்றால் படிப்பு வராதாம். எங்கள் சரஸ்வதிதான் ஏற்கெனவே வந்துபோய்விட்டாளே என்று நியாயம் பேசி, நான் டிசம்பரிலிருந்தே உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று இப்போது பயம் வந்தது.

பயத்திலிருந்துதான் யோசனையும் வந்தது. சந்துப் பந்தலில் சரஸ்வதியை வைத்து மறுநாள் சாயங்காலம் கொண்டுபோய்க் குளத்தில் கரைப்பார்கள். நோட்டு அவளோடு போய்விட்டால்? படிப்பின் தெய்வமே எடுத்துக்கொண்டு போன நோட்டைக் கொண்டுவா என்று எந்த சார் கேட்க முடியும்?

பூஜையன்று அம்மா தன் மஞ்சள் சேலையை நாலாக மடித்து எனக்குக் கட்டிவிட்டாள். நோட்டை நான் எடுப்பதற்கு முன்னாலேயே அப்பா எடுத்துக்கொண்டார். கடைக் காலண்டரின் முருகன் படம் போட்ட அட்டையை உரித்து அவர் கையாலேயே அதற்கு அட்டை போட்டிருந்தார். பந்தலில் மற்றப் பிள்ளைகளின் புத்தகக் குவியலுக்கு உச்சியில் அதை வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தார். அவர் நின்ற நிற்பைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் மத்தியானம் எல்லாரும் கிச்சடி சாப்பிட உட்கார்ந்தபோது நோட்டை உருவிக்கொண்டு சிலையின் பின்பக்கம் போய்விட்டேன். முன்னால் இருந்து பார்த்தால்தான் அம்மன், பின்னால் வெறும் மூங்கிலும் சணல் சுற்றிய வைக்கோலும். வைக்கோலுக்குள் நோட்டைச் செருகிவிட்டு வந்து கிச்சடி சாப்பிட்டேன். ரொம்ப ருசியாக இருந்தது.

மறுநாள் காலையில் எல்லாரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் நோட்டைக் காணோம். அப்பா பந்தலைச் சல்லடை போட்டுத் தேடினார். பிறகு வேறு பிள்ளைகளின் புத்தகத்தோடு கலந்துபோயிருக்கும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். நாலாவது மாடி வரை ஏறி இறங்கினார். அத்தனை நாளும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியது, கொஞ்சம் பாருங்கள் என்று அவர் வங்காளத்தில் கெஞ்சியது எங்கள் வாசல்வரை கேட்டது. நான் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். போய்ச் சொல்லிவிடு, போய்ச் சொல்லிவிடு என்று மனது அடித்துக்கொண்டது. சொன்னால் திருநெல்வேலி. சொல்லவில்லை.

சாயங்காலம் மேளத்தோடு சிலை கிளம்பியது. சைக்கிள் வண்டியில் சரஸ்வதியை ஏற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அப்பா கடை வாசலில் நின்றார், அம்மா நிலைப்படியில், நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால். இன்னும் பத்தடி போய் வண்டி திரும்பிவிட்டால் நான் பிழைத்தேன். எங்கள் கடைக்கு நேராக ஒரு வேகத்தடை இருக்கிறது. வண்டி அதில் ஏறி இறங்கிய குலுக்கலில் வைக்கோல் வாயைத் திறந்தது, முருகன் படம் போட்ட நோட்டு நடுத்தெருவில் வந்து விழுந்தது.

எடுத்தது மாடிவீட்டு காக்கிமா. வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி, சந்து முழுவதற்கும் அவர் காக்கிமா, அதாவது சித்தி. நல்ல மனுஷிதான், ஆனால் எதையும் சத்தமாகத்தான் செய்வார். மளிகைக்கடை நோட்டு கிடைத்துவிட்டது என்று கூவிக்கொண்டே பிரித்தார். வாசித்தார். புருவம் ஏறியது. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். காணவில்லை, வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட நாய், போலா என்று கூப்பிட்டால் வாலை ஆட்டும், கண்டுபிடித்துத் தருகிறவர்களுக்குத் தக்க சன்மானம். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். காக்கிமா பக்கத்தைத் திருப்பினார். மணமகள் தேவை, சிவந்த நிறம், பாடத் தெரிந்திருந்தால் நல்லது. சந்தே சிரித்தது.

அப்பாவுக்குப் படிக்கத்தான் தெரியாது, கேட்டால் எல்லாம் புரியுமே. ஒவ்வொரு வரியும் புரிந்தது அவர் முகத்தில் தெரிந்தது. அவருடைய கண் என்னைத் தேடியது. நான் அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சேலை என் கையிலிருந்து நழுவிப் போனது. அம்மா படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள்.

“ஓட்டா ஆமார் காத்தா” என்றாள். அது என் நோட்டு.

அம்மா தெருவில் நின்று பேசிய முதல் வங்காள வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். எழுத்துப் படிக்கிறேன், பேப்பரைப் பார்த்துப் படிக்கிறேன் என்று தப்பும் தவறுமாகச் சொன்னாள். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா, சரஸ்வதிக்கு முன்னால் நின்று எனக்காக இப்படி ஒரு பொய்யைச் சொல்கிறாளே என்று தோன்றியது.

காக்கிமா லேசில் விடுகிறவர் இல்லை. “பௌமா, பொடோ தேகி” என்று வேறொரு பக்கத்தைத் திருப்பி நீட்டினார். மருமகளே, படி பார்க்கலாம் என்று அர்த்தம். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடித் திறந்தேன். அம்மா நோட்டை வாங்கினாள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நேராகப் பிடி, நேராகப் பிடி என்று ஒரு குரல் வந்தது. எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. பக்கத்தின் அடியில், வலது ஓரத்தில் விரலை வைத்தாள். விரல் இடதுபுறமாக ஊர்ந்தது. “தொக்... கின்... கோலா” என்றாள். அடுத்தது இரண்டு அறை என்றாள், சமையலறை தனி என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். தெற்குக் காற்று வரும் இரண்டு அறை வீடு வாடகைக்கு என்ற விளம்பரம் அது. நான் எழுதியதுதான்.

காக்கிமா எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. சரியாகத்தான் படிக்கிறாள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு, நோட்டு தலைகீழாக இருந்ததால் மேலே வந்திருந்த ஓரத்தைக் காட்டி இது என்ன கிறுக்கல் என்று கேட்டார். அது அப்பாவின் கையெழுத்து. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் எழுதுவாள், நான் கையெழுத்துப் போடுவேன், எங்கள் வீட்டில் அது விதி என்று வங்காளத்தில் சொன்னார். மறுபடி சிரிப்பு, ஆனால் இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. மேளம் ஆரம்பித்தது, சரஸ்வதி சந்து திரும்பிப் போய்விட்டாள். காக்கிமா நோட்டின் தூசியைத் தட்டி அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கும் ஆறு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியது. கடை அலமாரியிலிருந்து அப்பா ஒரு புது நோட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பத்திரிகையை விரிக்கவில்லை. என்றைக்கு ரயில் என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

“ஏட்டி, தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். அதுக்குத்தான நாங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்திருக்கோம்” என்றார்.

அவ்வளவுதான். நான் ஓவென்று அழுதேன். மூன்று மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த அரிசி மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அம்மா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு நாலு கேள்விகளில் ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுதினோம். மறுநாள் அந்த ஒரு பக்கத்தையும் பழைய நோட்டையும் சாரிடம் கொடுத்து, எழுதத் தெரியவில்லை, பேப்பரைப் பார்த்து எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பழைய நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், கண்ணாடி மூக்கில் வழுக்கும் அளவுக்குச் சிரித்தார், நாய் கிடைத்ததா என்று கேட்டார். கையெழுத்து மிக நன்று என்று எழுதிக் கொடுத்தார். அப்பாவை வரச் சொல்லவில்லை.

முழுப்பரீட்சையில் முப்பத்தாறு வாங்கினேன். தேற முப்பத்தைந்து. மார்க் அட்டையைப் பார்த்ததும் அப்பா ஷட்டரை முழுக்கத் திறந்துவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் முறுக்கு கொடுத்தார். திருநெல்வேலிப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அம்மாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து வங்காளம் படித்தாள். ஆனால் ஆரம்பத்தில் அவள் பட்ட பாடு இருக்கிறதே! சின்ன எழுத்துக்கே தடுமாறுவாள். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். நோட்டை மெதுவாகத் திருப்பப் பார்ப்பாள், நான் பிடுங்கி நேராக வைப்பேன். தெருவில் அன்றைக்கு வெளுத்துக் கட்டினாயே என்று கேலி செய்தால் சிரித்துக்கொள்வாள். அன்று தெருவில் நடந்ததற்கு என்னிடம் பதில் இருந்தது. நான் முணுமுணுத்ததைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது, பயத்தில் நோட்டைத் தலைகீழாகப் பிடித்து அதை ஒப்பித்துவிட்டாள். இதை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, விரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டி, அம்மா மாதிரியே நடித்துக் காட்டுவேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள்.

பள்ளியில் அந்தக் கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து, பேனாவைத் திறக்காத நானும் என் வீட்டில் ஆறரை மணி என்று வைத்தேன். மகள் மூன்றாம் வகுப்பு. அவள் ஒருபக்கம், அடுப்படிக்கு முதுகைக் கொடுத்து நான் எதிர்ப்பக்கம். போன வியாழக்கிழமை அவள் வங்காளம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, மூன்றாவது வரியில் ஓர் எழுத்து விட்டுப்போச்சு என்றேன். அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உனக்குத் தலைகீழாகத்தானே தெரியும், எப்படிப் படித்தாய் என்று கேட்டாள்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். என் பக்கத்திலிருந்து பார்த்தால் அவள் எழுதிய முதல் வரி அடியில் இருந்தது. வலது ஓரத்தில் தொடங்கி இடதுபுறமாக ஓடியது. எழுத்துகள் கோட்டிலிருந்து தொங்கவில்லை, கோட்டின்மேல் நின்றன. அந்தச் சாமான் லிஸ்ட்டில் நான் பார்த்த கோலத்தைப் போலவே.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு நிஜமாகவே படித்தாயா, என்னிடம் ஏன் சொல்லவில்லை, இத்தனை வருஷம் நான் கேலி செய்யும்போதெல்லாம் ஏன் சிரித்துக்கொண்டிருந்தாய் என்று படபடவென்று கேட்டேன். அம்மா நிதானமாக, “நீ எனக்கு எதுத்தாப்புலல்லா இருந்த. எதுத்தாப்புல இருந்து பாத்தா அப்படித்தானட்டி தெரியும்” என்றாள்.

அப்படியானால் அது உன் நோட்டுதானா என்றேன்.

“பின்ன? சரஸ்வதி முன்னாடி நின்னு நான் பொய் சொல்லுவேனா?” என்றாள்.